இரண்டு கட்சியும் காப்பாற்றிய பூசணிக்காய்

மனித நாகரிகம் எத்தனையோ காய்களைக் கண்டிருக்கிறது. ஆனால் ஒரு காய் இரண்டு ராஜ்யங்களின் எல்லையைத் தீர்மானிக்கப் புறப்பட்டது உலக சரித்திரத்தில் ஒரே ஒரு முறைதான். அந்தப் பெருமை, 1956-ல், சத்தியவேட்டுக்குப் பக்கத்து வேப்பங்கண்டிகை ஆரம்பப் பள்ளியின் பாடப்புத்தகத்தில் சிவனே என்று கிடந்த பூசணிக்காய்க்கே சேரும்.

கதை சின்னது. காய்ந்த பூசணிக்காய்க்குள் ஓர் எறும்புக் குடும்பம். காய் யாருடையது என்று வெளியே இரண்டு யானைகளுக்குச் சண்டை. எறும்பு எட்டிப் பார்த்து, இது என் வீடு என்கிறது. யானைகள் வெட்கப்பட்டுத் திரும்பிப் போகின்றன. யானை வெட்கப்படும் என்று நம்புகிற வயதிலேயே பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும்.

சொல்ல வேண்டியவள் தாட்சாயணி, அந்தப் பள்ளியின் ஒரே டீச்சர். அடுத்தவர் கொட்டகையில் சாணி வாரிய வீட்டில் பிறந்து, வாத்தியார் பயிற்சி முடித்த முதல் ஆள். காலையில் தமிழ் வகுப்பு, மத்தியானம் தெலுங்கு வகுப்பு. எந்தப் பிள்ளை எந்த மொழி என்று அந்த ஊரில் பெற்றவர்களுக்கே நிச்சயம் இல்லாததால் இரண்டுக்கும் அதே பிள்ளைகள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கூரை. போன ஐப்பசிப் புயலில் அது பறந்துபோயிற்று. ஊர் அப்போது சென்னை ராஜ்யத்தில் இருந்ததால் சென்னைக்கு எழுதினாள். எல்லை முடிவானதும் "பரிசீலிக்கப்படும்" என்று பதில் வந்தது. சென்னைக்கு எழுதினாள். பள்ளி தங்கள் ஆளுகையில் இல்லை, ஆயினும் "ஆழ்ந்த அனுதாபம்" என்று வந்தது. அனுதாபத்தை வேய்ந்து பார்த்தாள், ஒழுகியது.

அப்போதுதான், கிராமம் கிராமமாக மொழி விசாரிக்க ஓர் அதிகாரி வரப்போகிறார் என்ற சேதி வந்தது. தேசபக்தி மறுநாளே பொங்கிற்று. வேதாச்சலம் "எல்லைப் பாதுகாப்புச் சங்கம்" கண்டார். கிருஷ்ணப்பா "எல்லை மீட்புச் சமிதி" கண்டார். இருவரும் ஒரே கிணற்றில் முறை வைத்து நீர் இறைப்பவர்கள். தமிழுக்காக உயிரையே தரவிருந்த வேதாச்சலம் தன் மாடுகளைத் தெலுங்கில்தான் அதட்டுவார். தெலுங்குக்கு உயிர் தரவிருந்த கிருஷ்ணப்பாவுக்குக் கோபம் வந்தால் தமிழ்தான் வாயில் வரும். கொள்கை வேறு, வாய் வேறு என்று பிரித்து வைத்திருந்த பெரியவர்கள்.

காலையில் வேதாச்சலம் பள்ளிக்கு வந்து பாடப்புத்தகத்தைப் புரட்டினார். பூசணிக்காயைக் கண்டதும் கண் கலங்கினார்.

"டீச்சரம்மா, இது நம்ம ஊருதான். எறும்பு யாரு, நம்ம ஜனம். வலது பக்கத்து யானை தமிழு, எறும்புக்குத் தாய்மாமன். எடது பக்கத்து யானை திருடன். இனிமே இப்டி நடத்து."

"அப்டின்னு புஸ்தகத்துல இல்லிங்களே."

"எயுதனவன் மறந்துட்டுகீறான். நாம ஞாபகப்படுத்தறோம்."

கூரை என்றாள். ஓலை நூறு கட்டு இறக்குகிறேன் என்றார்.

மத்தியானம் கிருஷ்ணப்பா வந்தார். அவருக்கும் கண் கலங்கிற்று. அவர் கணக்கில் இடது யானைதான் தாய்மாமன், வலதுதான் திருடன். கூரை என்றாள். மூங்கில் தருகிறேன் என்றார்.

தாட்சாயணி யோசித்தாள். ஓலை மட்டும் வந்தால் கூரை இல்லை, மூங்கில் மட்டும் வந்தாலும் இல்லை. ஆகவே இருவருக்கும் சரி என்றாள். காலையில் தாய்மாமனாக இருந்த யானை மத்தியானம் திருடனாயிற்று. பிள்ளைகள் சோற்றுக்குப் போய் வருவதற்குள் தாய்மாமனை மாற்றிக்கொள்ளப் பழகினார்கள். அரசியல் கல்வி என்பது வேறென்ன?

சங்கம் சென்னையிலும் சமிதி பெஜவாடாவிலும் இந்தக் கதையைப் படத்தோடு புத்தகமாக அச்சடித்துக் கொண்டுவந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தன. ஒரே படம். திருடனுக்கு வரைந்த மீசை மட்டும் யானை மாறியிருந்தது.

ஓலையும் மூங்கிலும் சொன்னபடி வந்து பள்ளி வாசலில் இறங்கின. புரட்டாசி முடியப் பத்து நாள் இருந்தது. கூரை வேய ஆள் கூப்பிடப் போனவள் திரும்பி வருவதற்குள் அவை அதிகாரியை வரவேற்கும் பந்தலாகியிருந்தன. ஊரே ஒற்றுமையாகக் கட்டியது. அதற்குள் இரண்டு மேடை, நடுவில் ஒரு தட்டி.

அதிகாரி வந்தார். இரு தரப்பும் பூசணிக்காய்க் கதையை மனுவோடு சேர்த்து நீட்டின. அவர் குழம்பிப்போய், முன்வரிசையில் இருந்த மூன்றாம் வகுப்புச் செல்லியம்மாவைக் கூப்பிட்டு, அந்தக் கதையை நீ சொல்லு என்றார்.

"காலீல சொல்றதா சார், மத்தியானம் சொல்றதா?"

"ரெண்டுல எது நிஜம்?"

அவள் டீச்சரைப் பார்த்தாள். தாட்சாயணி கண் ஜாடை எதுவும் காட்டவில்லை.

"மய வந்தா ரெண்டும் கெடையாது சார். லீவு."

அதிகாரி நிமிர்ந்து, கூரை இல்லாத பள்ளியைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார். கூரை என்று எழுதப்போகிறார் என்று தாட்சாயணி ஓரடி முன்னால் வந்தாள். "சிறுமி இரு மொழியிலும் சரளம்" என்று குறித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

வெற்றி தங்களுக்கே என்று இரண்டு மேடையும் அறிவித்தன. வெற்றி என்றால் கண்படுமே. நல்ல காரியம் முடிந்தால் திருஷ்டி கழிக்க வேண்டும், அது ஊர் வழக்கம். வேதாச்சலம் ஒரு பூசணிக்காயைச் சுற்றிப் பள்ளி வாசலில் போட்டு உடைத்தார். கிருஷ்ணப்பா சும்மா இருப்பாரா? அவரும் ஒன்றைச் சுற்றி அதே இடத்தில் உடைத்தார். எந்தக் காயைக் காப்பாற்ற மூன்று மாதம் கண் கலங்கினார்களோ, அதைத்தான் உடைத்தோம் என்று இருவருக்கும் தோன்றவில்லை. பிறகு ஓலையும் மூங்கிலும் வண்டியேறி, அதிகாரி அடுத்துப் போகிற ஊருக்குப் புறப்பட்டன. தாட்சாயணி வண்டியை மறித்தாள். எல்லை முடிவாகட்டும் டீச்சரம்மா என்று இருவரும், வாழ்நாளில் முதல் முறையாக, ஒரே குரலில் சொன்னார்கள்.

ஐப்பசி முதல் மழை கொட்டியபோது பிள்ளைகள் சுவரோரம் ஒடுங்கி, தலையில் கதைப் புத்தகத்தைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார்கள். நல்ல காகிதம், ஆனாலும் மீசை கரைந்து நெற்றியில் வழிந்தது.

"டீச்சர், பூசணிக்கா ஒடஞ்சிச்சே, எறும்புங்கோ எங்க போச்சி?" என்றாள் செல்லியம்மா.

"எங்கியும் போவலடி. நனஞ்சிக்கினு அங்கியேதான் கீது. அதுல எத்தினி தமிழு, எத்தினி தெலுங்குன்னு யானைங்கோ எண்ணிக்கினு கீது."