பஞ்சுவின் காதில் என் டீ வடிகட்டி

மைசூரில் பஞ்சுவைப் போலக் கேட்கத் தெரிந்த ஆள் இன்னொருவர் கிடையாது. கூப்பிட்டால் மட்டும் அவனுக்குக் கேட்காது. வாசலில் கூரியர்காரர் நிற்பார். நான் மாடிப்படிக்குக் கீழே நின்று தொண்டை கிழியக் கத்துவேன். கடைசியில் மேலே ஏறிப் போய் அவன் முன்னால் நிற்க வேண்டும். தலையில் அரைக் கிலோ ஹெட்போனோடு கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பவன், என்னைப் பார்த்ததும் ஒரு விரலைத் தூக்கி, பொறுங்கள் என்பான். பாட்டு முடிந்து, அதைக் கழற்றிப் பட்டுத் துணியில் வைத்த பிறகுதான் வாயைத் திறப்பான்.

முதல் தடவை எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காது என்ன செவிடா என்று கேட்டே விட்டேன்.

"நல்லாக் கேட்டுதுங்க்கா. இது பின்னாடி தொறந்த மாடல், தெருவுல பூக்காரம்மா கூவறதுகூட உள்ள வரும். ஆனா பதில் சொன்னா தாடை அசையுதுங்க. தாடை அசைஞ்சா காது மெத்தை நகந்துருது. துளி சந்து வுழுந்தாப் போதும், அடித்தொனி, அந்த பேஸ் பூரா ஓடிப் போயிருதுங்க."

இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் கேலியே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பஞ்சு எங்கள் மாடி அறைக்குக் குடிவந்தவன். ஹனூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கணினி எழுதித் தள்ள, அதில் இருக்கும் தப்பைக் கேட்டுத் திருத்தும் வேலை. கேட்பதற்கே சம்பளம் வாங்கிவிட்டு, ஓய்வு நேரத்திலும் கேட்டுக்கொண்டே இருப்பான். அவனுடைய சொந்தப் பெயர் ஆதார் கார்டில் இருக்கும். நகல் வாங்கி எங்கேயோ வைத்திருக்கிறேன். பஞ்சு என்று பெயர் வைத்தது என் கணவர். அவன் வந்த சில நாட்களில் எங்கள் சோபாவின் ஒரு மூலை உட்கார்ந்தால் தரை தட்டியது. உறையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருந்த பஞ்சில் வட்டமாக இரண்டு துண்டு காணோம்.

வாங்கிய பொருளை வாங்கியபடியே வைத்திருப்பது அவனுக்குக் கௌரவக் குறைச்சல். சாதாரண ஹெட்போனில் ஒரு சின்னக் கூம்பு இருக்குமாம், கம்பிச் சுருள் ஒன்று அதைப் பிடித்துத் தள்ளுமாம். இவன் வைத்திருந்தது பிளேனர் மேக்னடிக் என்ற வகை. சாக்லேட் சுற்றி வரும் தாளைவிட மெல்லிய ஒரு படலம், அதன்மேல் கோலம் போட்டதுபோல உலோகக் கோடு, பக்கத்தில் வரிசையாகக் காந்தம். படலம் முழுவதும் ஒரே சீராக அதிர்வதால் தவிலின் அடித்தொனி அடிவரைக்கும் இறங்கும் என்று சொல்லித் தன் உள்ளங்கையைத் தரைவரை இறக்கிக் காட்டுவான். அவ்வளவு நல்ல பொருளை ஏனப்பா தினமும் கழற்றுகிறாய் என்று கேட்டால், நல்ல பொருளாக இருப்பதால்தான் என்பான்.

ஒருநாள் டீ போடப் போனால் வடிகட்டியில் வலை இல்லை. வளையமும் கைப்பிடியும் மட்டும் கொக்கியில் தொங்கின. மேலே போய்ப் பார்த்தால் அந்த வலை பஞ்சுவின் இடது காதுக்கு வெளிப்பக்கம் ஜம்மென்று இருக்கிறது. கம்பெனி போட்ட மூடியில் ஓட்டை போதவில்லையாம், பின்பக்கம் போகும் சத்தம் முட்டிக்கொண்டு திரும்பி வருகிறதாம், வலை போட்டதும் பாட்டுக்கு மூச்சு வந்துவிட்டதாம். எனக்கு மூச்சு வாங்கியது. அப்படியானால் வலது காதுக்கு என்ன செய்தாய் என்று கேட்டேன். பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்தான்.

இன்னொரு தடவை என் சின்ன மகள் பள்ளிக்கூடத்துக்குக் களிமண்ணில் சூரியக் குடும்பம் செய்து வைத்திருந்தாள். காலையில் பார்த்தால் வியாழன் கிரகத்தைக் காணோம். ஹெட்போனின் உள்சட்டம் கிண்கிண் என்று அதிர்கிறது, அதை அமுக்க நல்ல கனமான மண் வேண்டும் என்று பஞ்சு முந்தின நாள்தான் என்னிடம் சொல்லியிருந்தான். டீச்சர் கேட்டதற்கு, வியாழன் மாடியில் அண்ணன் காதில் இருக்கிறது என்று இவள் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு பரீட்சை நடக்கும். நானும் கணவரும் இரண்டு மகள்களும் நீதிபதிகள். ஃபேனை நிறுத்துவான். ஃபிரிட்ஜை நிறுத்துவான். மைசூருக்கு ஃபேனே வேண்டாம் என்று பெருமை பேசிய காலமெல்லாம் மலையேறிவிட்டது, வேர்த்து ஊற்றும். மெத்தையை மாற்றுவதற்கு முன் ஒரு தடவை, மாற்றிய பின் ஒரு தடவை, அதே பாட்டைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். என் கணவர் எதைக் கேட்டாலும் "பேஸ் சூப்பரப்பா" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடுவார். ஒருநாள் பஞ்சு ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்வதற்கு முன்பே அப்படிச் சொன்னார். அதற்குப் பிறகு அவரை நீதிபதி பதவியிலிருந்து தூக்கிவிட்டான்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் தேவாலயத்தில் தமிழ்ப் பாடகர் குழுவை நடத்துவது நான்தான். ஒரு நாள் செல்போனில் பதிவு செய்த எங்கள் பாட்டைப் பஞ்சுவின் ஹெட்போனில் போட்டுக் கேட்டேன். ஸ்டெல்லா வரி தொடங்குமுன் மூச்சு இழுப்பது கேட்டது. ஆசீர்வாதம் மாமா அடித்தொண்டையில் சுதியைத் தாங்கிப் பிடிப்பது கேட்டது. நான் தட்டும் ஜால்ரா ஒரு நூலிழை பிந்துவதும் கேட்டது. இத்தனை வருடமாக அது பிந்துகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து குழுவின் காது பஞ்சுதான். மாதேஸ்வரன் மலைக் கோவிலுக்குத் தவறாமல் போகிறவன், எங்கள் ஒத்திகைக்கும் தவறாமல் வந்து பின்பெஞ்சில் உட்காருவான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் எங்கள் பங்குக் கோவிலில் கேரல் மாலை என்று ஒரு பாட்டு நிகழ்ச்சி நடக்கும். கன்னடம், கொங்கணி, ஆங்கிலம், தமிழ் என்று ஒவ்வொரு குழுவாகப் பாடும். எப்போதும் நாங்கள்தான் கடைசி. நாங்கள் மேடை ஏறும்போது ஜனங்கள் நாற்காலியை மடக்கிக்கொண்டிருப்பார்கள், வெளியே ஸ்கூட்டர்கள் கிளம்பும். அந்த வருடம் நேரம் போதாது, ஒரு குழுவைக் குறைக்கப் போகிறோம், எல்லாரும் ஒரு பாட்டைப் பதிவு செய்து கொடுங்கள், கேட்டு முடிவு செய்கிறோம் என்று பங்குப் பேரவை சொல்லிவிட்டது. குறையப் போவது யார் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கு அது மானப் பிரச்சினை. ஏற்கெனவே எங்கள் பிள்ளைகள் தமிழைவிடக் கன்னடத்தைத்தான் சரளமாகப் பேசுகிறார்கள். அவர்கள் தமிழில் வாயைத் திறப்பதே இந்தப் பாட்டுக்காகத்தான். அதுவும் போனால் அடுத்த வருடம் ஒத்திகைக்கு யார் வருவார்கள்?

பஞ்சு பதிவு செய்து, சத்தங்களைச் சமன்படுத்திக் கொடுப்பதாக ஏற்பாடு. சரியாக அந்த வாரம்தான் அவன் ஹெட்போனின் குடலை உருவிக் கம்பளித் துணி வைத்து, ஒயர்களை மறுபடி ஈயம் வைத்துப் பற்றவைத்தான். வைத்துவிட்டு, தலைகால் புரியாமல் கீழே ஓடி வந்தான்.

"அக்கா, மேடை விரிஞ்சிருச்சுங்க. பாடறவங்க தலைக்குள்ள இல்ல, அந்தண்ட நிக்கறாங்க."

வாங்கிக் கேட்டேன். எல்லாரும் என் பிடரிக்குப் பின்னால் நின்று, அதுவும் பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் நின்று பாடுவதுபோல இருந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை. அப்படியே சொன்னேன். அந்த வெட்டவெளிக்குத்தான் ஜனங்கள் லட்சக்கணக்கில் செலவழிக்கிறார்கள் என்றான். நமக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன். எங்கள் பாட்டில் பேஸ் கொஞ்சம் மெலிவாக இருக்கிறது, தூக்கிவிடுகிறேன் என்றான். தூக்கினான். சனிக்கிழமை பென்டிரைவைப் பேரவைச் செயலாளரிடம் கொடுத்தாயிற்று.

ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் பேரவை பாட்டுகளைக் கேட்கும் என்றதால், எல்லாரும் காரில் தேவாலயத்துக்குக் கிளம்பினோம். பஞ்சு பின்சீட்டில், மடியில் ஹெட்போன். நம் பாட்டைப் போடேன், கேட்போம் என்றார் கணவர். செல்போனில் இருந்த நகலைப் போட்டேன். ஆசீர்வாதம் மாமா வாயைத் திறந்தார். டேஷ்போர்டில் ஒட்டியிருந்த மாதா சுரூபம் ஆடியது. கதவுக் கண்ணாடி அதிர்ந்தது. ஸ்டெல்லா, நான், மற்றவர்கள் எல்லாரும் அந்த இடிக்குப் பின்னால் எங்கேயோ கொசு மாதிரி பாடிக்கொண்டிருந்தோம். வாழ்க்கையில் முதல் தடவையாக என் கணவர் பேஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பஞ்சுவின் முகம் வெளுத்துவிட்டது. சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் குட்டி ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஹெட்போனின் இடது பக்கத்தைத் திறந்தான். உற்றுப் பார்த்தான். பிறகு வலது பக்கத்தையும் திறந்து பார்த்தான்.

"அது மேடை இல்லீங்க்கா," என்றான். "ஒயரு."

சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பைப் பற்றவைத்திருக்கிறான். ஒரு காதில் படலம் முன்னால் தள்ளும்போது இன்னொரு காதில் பின்னால் இழுத்திருக்கிறது. பேஸ் காணாமல் போனதும், பாடகர்கள் மொட்டைமாடிக்குப் போனதும் அதனால்தான். ஒரு வாரமாக அந்தக் கோளாறைக் கேட்டுத்தான் சொக்கிப் போயிருக்கிறான். எங்கள் பாட்டில் குறையே இல்லாத பேஸைத் தூக்கிவிட்டதும் அதை நம்பித்தான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பூசை முடிந்து, பங்கு மண்டபத்தில் பேரவை உட்கார்ந்துவிட்டது. கன்னடக் குழு நன்றாகப் பாடியிருந்தது. ஆங்கிலக் குழு வழக்கம்போல மேல்நாட்டு மூக்கோடு பாடியிருந்தது. அடுத்து எங்கள் பாட்டு. மண்டபத்தின் பெரிய ஸ்பீக்கர்களில் மாமா முழங்கியதும் காலி இரும்பு நாற்காலிகள் எல்லாம் கூடவே முழங்கின. செயலாளர் காதைப் பொத்தினார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகப் பஞ்சுவை இரண்டு அறை அறைய வேண்டும் என்று வந்தது.

திரும்பிப் பார்த்தால் அவன் பக்கத்தில் இல்லை. குடல் வெளியே தொங்கும் ஹெட்போனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஃபாதர் முன்னால் நிற்கிறான். ஹோட்டலில் இன்னொரு சட்னி கேட்கவே கூச்சப்படுகிறவன், அத்தனை பேருக்கு நடுவில் கன்னடத்தில் பேசினான். சொன்னது இவ்வளவுதான். தப்பு என் ஒயரில் இருக்கிறது, இவர்கள் பாட்டில் இல்லை. நான் இவர்களோடு உட்கார்ந்து கேட்டிருக்கிறேன், இவர்கள் நன்றாகப் பாடுவார்கள். என்னால் இவர்கள் பெயரை அடித்துவிடாதீர்கள்.

ஃபாதர் அந்த ஹெட்போனைப் பார்த்தார். வியாழன் கிரகம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்து, "ஹாடி அம்மா, கேளோண" என்றார். பாடுங்கள், கேட்போம்.

குழுவில் பாதிப் பேர் வாசலிலேயே நின்றிருந்தார்கள். ஆசீர்வாதம் மாமா மட்டும் எதிர் ஹோட்டலில் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆனால் அவரை யாரும் கூப்பிடப் போகவில்லை. தன் குரல் தெருவைத் தாண்டிக் கேட்டதும் அவரே கையைத் துடைத்துக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்தார். "இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் என் பாட்டு வெளிய கேட்டுது. சக்கத்தா இருக்கு, பிரமாதம். யார் பண்ணது?" என்றார்.

பாடினோம். மைக் இல்லை, ஜால்ரா இல்லை, பயம் மட்டும் இருந்தது. பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துப் பாடினார்கள். மாமா தாங்க வேண்டிய இடத்தில் தாங்கினார், அதற்குமேல் ஒரு இம்மியும் ஏறவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. முடிந்ததும் செயலாளர் தொண்டையைக் கனைத்துவிட்டு, ஒரு குழுவையும் குறைக்க வேண்டாம், ஆளுக்கொரு பாட்டைக் குறைத்துக்கொள்வோம் என்றார். தமிழ்க் குழு முதலில் பாடட்டும் என்றார் ஃபாதர்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினோம், பஞ்சுவைத் தவிர. வீட்டு வாசலில் இறங்கியதும், "மாசக் கடைசில ரூமைக் காலி பண்ணிக்கிறேனுங்க்கா. உங்களுக்குத் தொந்தரவு மட்டுந்தான் குடுத்திருக்கேன்," என்றான். நான் கோபத்தில் கார்க் கதவை அறைந்து சாத்தினேன். அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டான்.

கேரல் மாலையில் நாங்கள் மேடை ஏறியபோது ஒருவரும் நாற்காலியை மடக்கவில்லை. சவுண்ட் மிக்சர் பக்கம் பஞ்சுவை யாரும் விடவில்லை, அவனும் போகவில்லை. கடைசி வரிசைக்குப் பின்னால் வெறுங்காதோடு நின்று கேட்டான். எங்கள் பாட்டு முடிந்தபோது எல்லாருக்கும் முன்னால் அவன்தான் கைதட்டினான்.

எல்லாம் முடிந்து வாசலில் குடும்பம் குடும்பமாகக் கேக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். செயலாளருக்கு என்னையும் என் கணவரையும் கல்யாண நாளிலிருந்தே தெரியும், இரண்டு மகள்களையும் ஞானஸ்நானத்திலிருந்தே தெரியும். ஆனாலும் முறைக்கு, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். பஞ்சு எனக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தான்.

ஐந்து பேர் என்றேன்.