முயல் வளை ஃபைல் திருட்டு

ஒரு காட்டுல ஒரு தாலுகா ஆபீஸ் இருந்துச்சு. காடுன்னா மான், மயில், கரடி எல்லாம் இருக்கணுமேன்னு கேப்பீங்க. எல்லாம் இருந்துச்சு. அந்த ஆபீஸ் வாசல்ல வரிசையில நின்னுச்சு.

அந்தக் காட்டுல கோமளம்னு ஒரு முயல். புருஷன் இல்ல, அஞ்சு குட்டி. ஒருநாள் அதோட வளை வாசல்ல நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிட்டாங்க. "இது புறம்போக்கு. சிங்கராஜா குகைக்கு ரோடு போடணும். ஃபைலைப் பார்த்துட்டு வெள்ளிக்கிழமை இடிப்போம்." அஞ்சு குட்டியையும் இழுத்துக்கிட்டு கோமளம் எங்க போகும்?

நரி தங்கபாண்டிகிட்ட போய் அழுதுச்சு. திருட்டுல தங்கபாண்டி பெரிய மூளைன்னு பேரு. பேரு மட்டும்தான். இதுவரைக்கும் ஒரு கோழிகூட அதுகிட்ட சிக்கினதில்ல.

"அழாதக்கா. ஃபைல் இருந்தாத்தானே இடிப்பாங்க? தூக்கிடுவோம். சாப்பாட்டு நேரத்துல ஆபீஸ்ல ஈ காக்கா இருக்காது."

பரண் ஏற ஆள் வேணும்னு குரங்கு சுடலையையும் சேர்த்துக்கிட்டாங்க. சுடலை பஞ்சாங்கம் பார்க்காம பல்லுகூடத் தேய்க்காது. செவ்வாய்க்கிழமை நல்ல காரியம் தொடங்கக் கூடாதுன்னுச்சு. சரின்னு புதன்கிழமை, ராகுகாலம் முடிஞ்சு ஒன்றரை மணிக்கு உள்ள நுழைஞ்சாங்க.

பீரோவுல ஃபைல் இல்ல. பரண்ல இல்ல. மூணு பேரும் தும்மித் தும்மித் தேடுறாங்க. கடைசியில, ஆடுற மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்து வெச்சிருந்தது என்னன்னு சுடலை உருவிப் பார்த்தா, கோமளம் பேரு போட்ட ஃபைல். உள்ள ஒரே ஒரு தாள். கோமளத்துக்குச் சந்தோஷத்துல கண்ணு கலங்கிடுச்சு.

அங்கேயே கிழிச்சுப் போட்டிருக்கலாம். செஞ்சாங்களா?

"தம்பி, ஆபீஸ் பேப்பராச்சே. எதுக்கும் ரெண்டு ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்குவோம்," அப்படின்னுச்சு கோமளம்.

"ஆமாக்கா, பின்னாடி யாராச்சும் கேட்டா?" அப்படின்னுச்சு நரி.

யாரு கேப்பா, எதுக்குக் கேப்பான்னு ஒருத்தருக்கும் தோணல. பேப்பர்னு ஒண்ணு கைக்கு வந்தா ஜெராக்ஸ் எடுக்கணும், அவ்வளவுதான். அந்தக் காட்டுல எல்லாருக்கும் அது ரத்தத்துல ஊறிப்போச்சு.

ஜெராக்ஸ் கடை ஆடு எடுத்துக் கொடுத்துச்சு. கவர்ல போட்டுக்கிட்டு வந்தாங்க. வந்த பிறகு தங்கபாண்டிக்குப் புத்தி வந்துச்சு. "காப்பியும் வேணாம்க்கா, வம்பு," அப்படின்னு கவரோட சேர்த்து அடுப்புல போட்டுச்சு. கவருக்குள்ள இருந்தது ரெண்டு தாள். மூணு இருக்கணுமேன்னு எவனும் பார்க்கல. அன்னிக்கு அஞ்சு குட்டிக்கும் கேரட் பாயசம்.

மறுநாள் ஆபீஸ் கிளார்க் ஆமை சபாபதி, தன்னோட ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்க அதே கடைக்குப் போச்சு. ஆடு மெஷின் மூடியைத் திறந்துச்சு. உள்ள ஒரு தாள் கிடந்துச்சு. ஒரிஜினல்.

வெள்ளிக்கிழமை காலையில இடிக்கிற யானை வந்து நின்னுச்சு. கோமளம் தைரியமா முன்னாடி வந்துச்சு.

"ஃபைல் இல்லாம எப்படிங்க இடிப்பீங்க?"

சபாபதி தாளைக் காட்டுச்சு. "ஆறு வருஷமா தேடுறோம்மா இதை. இது கிடைக்காமத்தான் உன்னை விட்டு வெச்சிருந்தோம். இந்த நோட்டீஸ்கூடச் சும்மா, மேலிடத்துல கேட்டாங்கன்னு ஒட்டினது. இப்ப யாரோ ஒரு புண்ணியவான் கண்டுபிடிச்சு ஜெராக்ஸ் கடையில வெச்சிட்டுப் போயிருக்கான். அவன் குடும்பம் நல்லா இருக்கணும்."

கோமளம் நரியைப் பார்த்துச்சு. நரி குரங்கைப் பார்த்துச்சு. யானை காலைத் தூக்குச்சு. அஞ்சு குட்டியும் ரோட்டோரம் நின்னு தங்களோட வீடு இடியறதைப் பார்த்துச்சுங்க.

நீதி: அரசு அலுவலகத்திலிருந்து எதையும் திருடாதே. அங்கே இருக்கும்வரை அது யாருக்கும் கிடைக்காது.