மைக்கேல்சாமி வெள்ளையடித்த கதை

“அது என்னங்க அங்கிட்டு? மழைக்கு ஒழுகுமோ?”

வீடு பார்க்க வந்த உரக்கடை கோபிநாத் அண்ணாந்து கூடத்தின் மூலையைக் காட்டினார். கூரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை. பத்து வருடமாக அங்கேதான் இருக்கிறது. மைக்கேல்சாமி கண்ணில் மட்டும் அதுவரை படவில்லை.

“ஒழுகவே ஒழுகாது!” என்றார் அவர். அந்த உறுதியே கோபிநாத்தைக் கலவரப்படுத்திவிட்டது. காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

மைக்கேல்சாமி அரசு பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ்ஸில் ஏறி ஒரு பார்வை பார்த்தால் போதும், டிக்கெட் எடுக்காதவனுக்கு வியர்த்துக் கொட்டிவிடும். தன்னை ஏமாற்ற ஒருத்தன் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும் என்று மனைவி சந்தனமேரியிடம் வாரம் ஒருமுறையாவது சொல்லுவார். ஆனால் அவர் வீடு விற்பது இதுதான் முதல் தடவை.

இலுப்பூர் வீட்டை விற்றே ஆகவேண்டும். மகள் நான்சி புதுக்கோட்டையில் நர்ஸ். பிறந்ததோ இரட்டைக் குழந்தை. ஜூன் முதல் தேதி லீவு முடிகிறது. “அதுக்குள்ள நான் எம்புள்ள பக்கத்துல இருக்கணும்” என்று சந்தனமேரி கண்ணைக் கசக்கினாள். நான்சியின் எதிர்வீட்டின் மேல் அவளுக்கு உயிர். ஆனால் அந்த வீட்டுக்காரி பிரகதாம்பாள் அம்மாள் பிடி கொடுக்கவில்லை. மைக்கேல்சாமி மூன்று தடவை போய்க் கேட்டார். மூன்று தடவையும் நல்ல காபி கொடுத்து, “விக்கிற எண்ணமே இல்லைங்களே” என்று சிரித்தபடி அனுப்பிவிட்டாள்.

“மொதல்ல நம்ம வீட்டைத் தள்ளிவிடுவோம் மேரி. அந்தம்மா மனசை அப்புறம் மாத்திக்கிருவோம்.”

பெயிண்டர் இருளாண்டி வந்தான். கறை இருந்த மூலைக்கு மட்டும் அடித்தால் ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும் என்றான். கூடம் முழுக்க அடித்தார்கள். கூடம் பளிச்சென்று ஆனதும் மற்ற அறைகள் அழுது வடிந்தன. வீடு முழுக்க அடித்து முடித்தபோது மைக்கேல்சாமியின் சேமிப்பில் ஒரு பெரிய துண்டு காணாமல் போயிருந்தது.

அடுத்து வந்தவர் அரவிந்த்குமார், சிங்கப்பூரில் சம்பாதித்துத் திரும்பியவர். சுவரை விரல்முட்டியால் தட்டிப் பார்த்தார்.

“விக்கப்போற வீட்டுக்கு எதுக்கு சார் புதுப் பெயிண்ட்? எதை மறைக்கிறீங்க?”

சந்தேகப்படுவது தன் தொழில் என்று நினைத்திருந்த மனிதரையே ஒருவர் சந்தேகப்பட்டுவிட்டார். மைக்கேல்சாமிக்கு முகம் சிவந்துவிட்டது. மறைக்க ஒன்றுமில்லை என்று காட்ட, கூடத்து மூலையில் ஒரு முழத்துக்கு இருளாண்டியை விட்டே சுரண்ட வைத்தார். மூன்றாவதாக வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, “புதுப் பெயிண்டே உரியுது, செவத்துல ஓதம் போல” என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

சமையலறைக்கு டைல்ஸ் ஒட்டினார். “பழைய தரைக்கு என்ன கேடு? கரையானா?” என்றார்கள். போர் போட்டு, புது மோட்டார் வைத்து, வருகிறவர்கள் முன்னால் எல்லாக் குழாயையும் திறந்துவிட்டார். இலுப்பூரில் கோடையில் தண்ணீர் இப்படிக் கொட்டினால் யாருக்கும் வாய் பிளக்கும். வந்தவருக்கும் பிளந்தது.

“இம்புட்டுத் தண்ணியா? அப்ப அஸ்திவாரம் ஊறிப்போயிருக்குமே!”

“நீங்க ஒண்ணும் செய்யாம இருந்திருந்தா எப்பவோ வித்திருக்கும்” என்றாள் சந்தனமேரி.

“இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கியிருக்கு மேரி” என்றார் அவர்.

பங்குச் சாமியாரை அழைத்து வந்து வீட்டை மந்திரிக்க வைத்தார். சாமியார் அறை அறையாக ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். பூனைக்கும் கொஞ்சம் பட்டது. அன்று மாலைக்குள் கடைத்தெருவெல்லாம் ஒரே பேச்சு: டிக்கெட் செக்கர் வீட்டில் பேய், சாமியார் வந்துதான் விரட்டினார், அதற்காகத்தான் அந்த மனுஷன் அடிமாட்டு விலைக்கு விற்கிறார். அதோடு வருகிறவர்களும் நின்றுபோனார்கள். மே மாதம் பாதி ஓடிவிட்டது.

பாக்கிக் கூலி வாங்க வந்த இருளாண்டிக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

“சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. வீட்டுல ஒரு கொறையும் இல்ல. விக்கிறேன், விக்கிறேன்னு நீங்க சொல்றீங்க பாருங்க, அதான் கொறை. விக்கலைன்னு சொல்லிப் பாருங்க.”

“விக்கலைன்னு சொன்னா எவன்டா வாங்குவான்?”

“சொல்லித்தான் பாருங்களேன்.”

வேறு வழியில்லாமல் மைக்கேல்சாமி வாசலில் இருந்த ‘வீடு விற்பனைக்கு’ என்ற பலகையைக் கழற்றினார். டீக்கடைக்குப் போய், எல்லார் காதிலும் விழும்படி, “பாத்துப் பாத்துச் செஞ்ச வீடுய்யா, விக்க மனசு வரலை. நாங்களே இருந்துக்கிருவோம்” என்றார்.

மூன்றாம் நாள் கோபிநாத் வந்து நின்றார்.

“சார், வீட்டை...”

“விக்கலையே தம்பி.”

“தனக்குன்னு செஞ்சதாலதான சார் இம்புட்டு நல்லாச் செஞ்சிருக்கீங்க! டைல்ஸைப் பாருங்க, தண்ணியைப் பாருங்க. சாமியார் வந்து ஆசீர்வாதம் பண்ண வீடு வேற!”

“அங்கிட்டுக் கூரையில கறை இருந்துச்சே?” என்றார் மைக்கேல்சாமி அப்பாவியாக.

“கறை இல்லாத வீடு எங்க சார் இருக்கு?”

மறுநாள் அரவிந்த்குமாரும் வந்துவிட்டார். இரண்டு பேரும் வாசலிலேயே ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு விலையை ஏற்றினார்கள். மைக்கேல்சாமி “மனசு வரலையே” என்று மட்டும் இடையிடையே பெருமூச்சு விட்டார். முதலில் கேட்ட விலைக்கு மேல் நாலு லட்சம் போனபோது அவருக்கு மனசு வந்துவிட்டது. வீட்டைக் கோபிநாத்துக்கே கொடுத்தார்.

அந்தச் சூட்டோடு புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினார். பிரகதாம்பாள் அம்மாள் வழக்கம்போல் காபி கொடுத்து, வழக்கம்போல் தலையை ஆட்டினாள். மைக்கேல்சாமி விடவில்லை. பேத்திகளைச் சொன்னார், சந்தனமேரியின் கண்ணீரைச் சொன்னார், கடைசியில் கையில் இருந்த நாலு லட்சத்தையும் விலைக்கு மேல் வைத்தார். அம்மாள் நெடுநேரம் யோசித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்து, “உங்களுக்காகத்தான்” என்றாள்.

மே கடைசி ஞாயிறு பால் காய்ச்சினார்கள். சந்தனமேரி ஆளுக்கொரு இடுப்பில் பேத்திகளை வைத்துக்கொண்டு, அறைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். அவள் முகத்தைப் பார்க்கப் பார்க்க மைக்கேல்சாமிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இதற்காக இன்னும் நாலு வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம் என்று தோன்றியது.

இருளாண்டிக்குத் தனியாக அழைப்பு. பாயசத்தில் இரண்டாவது டம்ளர் ஓடிக்கொண்டிருந்தது.

“என்னமோ பெரிய யோசனை சொன்னியே, அது விக்கிறவனுக்குத்தான்டா. வாங்குறதுக்குச் சாமர்த்தியம் வேணும். விக்கவே மாட்டேன்னு ஒத்தைக் கால்ல நின்ன அம்மாவைப் பேசிப் பேசியே வழிக்குக் கொண்டாந்தேன். என்னைய ஏமாத்த எவனாச்சும் உண்டா, சொல்லு! சரி, இந்தக் கூடத்துக்கு ஒரு கோட்டிங் குடுக்கணும்னா எவ்வளவு ஆகும்?”

இருளாண்டி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தான்.

“இப்ப ஒண்ணும் வேணாம் சார், தைப் பொங்கலுக்கு நான் அடிச்சதுதான்... அப்ப அந்தம்மாவும் ஆறு மாசமா விக்க முடியாம அழுதுச்சு, உங்களுக்குச் சொன்ன யோசனையைத்தான் அதுக்கும் சொன்னேன்.”