அக்கடா என்று சாய்ந்த தாய்மாமன்

முருகன் எனக்கு எல்லாம் கொடுத்திருக்கிறான். 'அக்கடா' என்ற ஒரு சொல்லை மட்டும் ஒத்துவராமல் செய்துவிட்டான். மனதார அதைச் சொல்லி நான் சாய்ந்தால், எங்கோ ஏதோ கவிழ்ந்துவிடும்.

எங்கள் எலப்புள்ளிப் பக்கம் இந்தச் சொல் இல்லாமல் ஒரு பொழுது போகாது. வயலிலிருந்து வந்து கால் கழுவினால் அக்கடா. பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் அக்கடா. விருந்தாளி பஸ் ஏறியதும் (அவர் காதில் விழாதபடி) பெரிய அக்கடா. தெரியாத விஷயத்தில் நான் யோசனை சொல்லப் போனால், "நீங்க செத்த அக்கடான்னு இருங்க" என்பாள் என் மனைவி. அது ஓய்வெடுக்கச் சொல்வதல்ல, வாயை மூடச் சொல்வது.

என் ஒரே தங்கை சரசுவை ஏலப்பாறையில், தேயிலைத் தோட்டத்துக் குடும்பத்தில் கொடுத்திருக்கிறோம். அவள் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். என்னை விட்டால் வேறு மடி கிடையாது. "ஒன் அண்ணன் மலையேறி வருவாகளா, இல்ல அங்கனயே கெடந்துருவாகளா?" என்று அவள் மாமியார் தினமும் கேட்டாராம். பிள்ளையின் காதுக்கு முன்னால் இவளைத்தான் குத்தினார்கள்.

"அண்ணா, என்ற மானம் உங்க மடிலதானுங்க இருக்குது" என்று போனில் அழுதாள்.

பஸ் மாறி மாறி விடியலில் போய்ச் சேர்ந்தேன். மலைக்குளிரில் மூக்கு அடைத்துவிட்டது. குளித்து, திருநீறு பூசி, புது வேட்டி கட்டினேன். கோவிலுக்குப் போக நேரமிருந்தது. வீட்டில் உட்காரக்கூட இடமில்லை. வெளியே வாழையிலை இறக்கிய ஜீப் நின்றது. பின்னால் மெத்தென்று சாக்குகள். "முருகா, அக்கடா" என்று சாய்ந்தேன். ஒரு நிமிஷம்தான். (அந்த நிமிஷத்தை இன்றுவரை யாரும் நம்பவில்லை.)

கண் விழித்தபோது ஜீப் பீர்மேட்டில் நின்றது. காது குத்தும் ஆசாரியை ஏற்றிவர டிரைவர் வந்திருக்கிறார். பின்பக்கம் ஏற வந்த ஆசாரி அலறினார்.

"யாருய்யா நீ?"

"தாய்மாமனுங்க."

"மடி அங்கல்லா இருக்கணும்? இங்க என்ன செய்யுது?" என்றவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "கருவாட்டுச் சாக்குல படுத்துட்டு வாறீரே!"

திரும்பிப் போனால் தோட்டமே என்னைத் தேடிக்கொண்டிருந்தது. சரசுவின் கண் சிவந்திருந்தது. என்னைக் கண்டு சிரித்தாள். கிட்டே வந்ததும் வாடை தாங்காமல் மறுபடி அழுதாள்.

"சீருக்குப் பயந்து ஓடிட்டீகன்னு நெனச்சேன் தம்பி. ஓடியிருந்தாக்கூட மணமா இருந்திருக்கும்" என்றார் மாமியார்.

அந்த வாடையோடு முருகன் முன்னால் உட்கார எனக்கே மனசு வரவில்லை. கோவில் குழாயில் மறுபடி குளித்தேன். ஏலப்பாறைத் தண்ணீர் அது. மச்சானின் வேட்டியைக் கட்டி, பிள்ளையை மடியில் வைத்தேன். பற்கள் தந்தியடித்தன. மடி சல்லடை போல ஆடியது. பிள்ளை தாலாட்டு என்று நினைத்து ஆனந்தமாகச் சிரித்தான்.

"இப்பிடி ஆடுனா நான் காதுல குத்தவா, மூக்குல குத்தவா?" என்றார் ஆசாரி. "ராகுகாலம் வரப்போகுது!"

மச்சான் ஒரு முழங்காலைப் பிடித்தார். சரசு மற்றதைப் பிடித்தாள். மாமியார் பின்னாலிருந்து என் தோளை அமுக்கினார். முதல் காது முருகன் அருளால் நன்றாக முடிந்தது. இரண்டாவது காதில் ஊசி வைத்த நேரம், எனக்கு வந்தது பாருங்கள் ஒரு தும்மல்! நாலு பேரும் ஒன்றாகக் குலுங்கினோம். ஓட்டை சற்று மேலே ஏறிவிட்டது. பிள்ளையைவிட நான்தான் சத்தமாக அழுதேன்.

மாமியார் கம்பளியைக் கொண்டுவந்து என்னைப் போர்த்தினார். "அழாதீக தம்பி. மடின்னு ஒண்ணு வந்துச்சுல்லா, அது போதும்" என்று சுக்குக்காப்பியை நீட்டினார். பிறகு சரசுவிடம், "ஒன் அண்ணனுக்கு எல போடு, பசியில நடுங்குதாகளோ என்னவோ" என்றார். அதன்பின் அவளை அவர் ஒரு சொல் சொன்னதில்லையாம். சொல்வதற்கு நான் கிடைத்துவிட்டேன்.

மருமகன் இப்போது பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். போன மாதம் போட்டோ எடுக்க நான்தான் கூட்டிப்போனேன். மலையாளிக் கடைக்காரர் அவன் கடுக்கன்களைப் பார்த்துப் பார்த்து, "மோனே, தல நேரே பிடிக்கு" என்றார்.

"தலை நேராத்தான் சேட்டா இருக்கு" என்றான் பயல். "எங்க மாமாதான் நேரா இல்ல."