‘ஸ’ பாடினால் முட்டியை மடக்கணும்

“பாடுங்கோ சார்,” என்றாள் சுசித்ரா.

ஜகதீசன் திடுக்கிட்டார். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டு மாடி ஏறி, மூச்சிரைக்க வந்து நின்றது முட்டிவலிக்கு. “மூணு வாரம் பயிற்சிக்குப் போங்க. குறையலேன்னா ஆபரேஷன்தான்,” என்று டாக்டர் சீட்டு எழுதி அனுப்பியிருந்தார்.

“பாடறதா? எதுக்கும்மா?”

“இங்கே பாட்டு தனி, ஆட்டம் தனின்னு கிடையாது. ‘ஸ’ பாடறச்சே முட்டியை மடக்கித் தாழணும். ஸ்வரம் ஏற ஏற உடம்பும் ஏறணும். மேல் ‘ஸ’வுக்குக் குதிகால் தரையில படப்படாது. இது என் சொந்த முறை.”

கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லாரும் ஐம்பது தாண்டியவர்கள், பாடிக்கொண்டே தாழ்வதும் எழும்புவதுமாக இருந்தார்கள். பாவம், இத்தனை பேருக்கு முட்டி போய்விட்டதா!

“ஸ...” என்று மடக்கினார். முட்டி ‘மளுக்’ என்றது.

“வலிக்கறதும்மா!”

“குரலும் மேலேயே நிக்கறதே. ஸ்வல்பம் கீழே இறங்குங்கோ.”

வீட்டில் விஷயத்தைக் கேட்ட மனைவி ராஜலக்ஷ்மிக்குக் கையிலிருந்த கரண்டி நழுவியது.

“நீங்களா? பாடினேளா?”

“புது ட்ரீட்மென்ட்டாம்.”

“ஆபரேஷன் இல்லாம போனா சரி. பாடித் தொலைங்கோ. இங்கே பாடாதேங்கோ.”

மறுநாள் ஒரு தந்திரம் செய்தார். தொண்டை கட்டிவிட்டது என்றார்.

“அப்போ தாளம் போடுங்கோ,” என்று சுசித்ரா கட்டையையும் கழியையும் நீட்டினாள்.

ஜகதீசன் ரயில்வேக்காரர். கை தன்பாட்டுக்கு வேகம் பிடித்தது. ஐந்தாவது நிமிஷம் கூடமே தவளைக் கூட்டம்போலக் குதித்தது. வகுப்பிலிருந்த கொள்ளேகால் ரங்கம்மா ‘ஸ’வில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நாலு பேர் தூக்கி நிறுத்தினார்கள்.

“ஏனுங் சார், ஆளைக் கொல்றதுக்குன்னே வந்தீங்களா?” என்றார் ரங்கம்மா.

கழி பறிமுதலானது. “இனிமே நீங்க பாடி ஆடறது மட்டும்தான்,” என்றாள் சுசித்ரா.

மூன்றாவது வாரம் கடைசி யோசனை. குணமாகிவிட்டது என்று சொல்லித் தப்பிவிடலாம்.

“வலியே இல்லைம்மா. பாருங்கோ!” என்று மேல் ‘ஸ’ பிடித்து, குதிகாலைத் தூக்கி, ஒரு சுற்றும் சுற்றினார். சுற்றி முடித்ததும் அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. நிஜமாகவே வலி இல்லை.

சுசித்ரா கைதட்டினாள். “ஞாயித்துக்கிழமை மேடையில நீங்கதான் முன்வரிசை!”

“மேடையா? ட்ரீட்மென்ட்டுக்கு மேடை எதுக்கு?”

“கூச்சத்துக்கு அதான் சார் ட்ரீட்மென்ட்!” என்று அவள் சிரித்துக்கொண்டே சலங்கையை நீட்டினாள்.

சனிக்கிழமை கடைசி ஒத்திகை. “ஜகதீசன் சார், இன்னும் தாழணும்!” என்று சுசித்ரா கத்தியபோது கதவு திறந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட இளைஞன் எட்டிப் பார்த்தான்.

“எந்த ஜகதீசன்? முட்டிவலி ஜகதீசனா? மூணு வாரமா ஏன் சார் வரவேயில்ல? டாக்டர் கேட்டுக்கிட்டே இருக்காரு.”

“தினம் வந்துண்டுதானே இருக்கேன்!”

“எங்கே?”

“இங்கேதான்.”

“சார், இது பாட்டு, டான்ஸ் கிளாஸ். முட்டிக்கு எதிர் ரூம்.”

அரைமண்டியில் இருந்த ஜகதீசனுக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. சுசித்ராவின் முகம் வெளுத்தது.

“அப்போ... பேர்கூடச் சொல்லாம போன்ல சேர்ந்த புது ஸ்டூடன்ட் நீங்க இல்லையா? அவர் எங்கே?”

இளைஞனின் முதுகுக்குப் பின்னாலிருந்து, வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் தலையை நீட்டினார். இரண்டு முட்டிகளிலும் பட்டை சுற்றி வயர் தொங்கியது.

“ஏனுங், அப்ப மூணு வாரமா எம்முட்டிக்கு இவுரு கரன்ட் குடுக்கறாரே... அது நாட்டியத்துல மொதப் பாடம் இல்லீங்களா?”