'மறந்துட்டேன்' பொத்தான்

என் மனைவியின் போன் நம்பர் தெரியாமலேயே பல வருடம் குடும்பம் நடத்தியவன் நான். (உங்களுக்கும் உங்கள் வீட்டாரின் நம்பர் தெரியாது. ஆனால் உங்களை யாரும் நடுமார்க்கெட்டில் நிறுத்திக் கேட்டதில்லை.)

மகள் நித்யா திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். பாடத்தை மனப்பாடம் செய்ய ஒரு ஃப்ளாஷ் கார்டு ஆப் வைத்திருக்கிறாள். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில், கீழே 'தெரியும்', 'மறந்துட்டேன்' என்று இரண்டு பொத்தான்கள். அவள் கணக்கிலேயே நானும் புகுந்து, என் குறிப்புகளை எழுதி வைக்க ஆரம்பித்தேன். அவள் மனித இதயத்தின் பாகங்களை வைத்திருந்தாள். நான் மிக்ஸி வாரண்டியை வைத்திருந்தேன்.

தொல்லை தேடலில்தான். 'வீடு' என்று தட்டினால் வீட்டு வரி, வீட்டுக்கு வெள்ளையடித்தவர், வீட்டு மாடியில் ஒழுகும் இடம் எல்லாம் வரும். முகவரி கடைசியில் வரும். அதற்குள் கூரியர்க்காரர் போனை வைத்துவிடுவார்.

பிறகு ஓர் உண்மையைக் கண்டுபிடித்தேன். 'மறந்துட்டேன்' என்று அடிக்கடி அழுத்திய கார்டுகள் தேடலில் மேலே வருகின்றன! ஒரு சனிக்கிழமை மாலை, காபி ஆறியதுகூடத் தெரியாமல், முக்கியமானவற்றையெல்லாம் எடுத்து 'மறந்துட்டேன், மறந்துட்டேன்' என்று அழுத்தித் தள்ளினேன். வீட்டு முகவரி. மனைவி நம்பர். மகள் என்ன படிக்கிறாள். தேடல் சும்மா பறந்தது.

எந்தெந்தக் கார்டு மறந்துபோனது என்று அந்த ஆப் வாரா வாரம் நித்யாவுக்கு மெயில் அனுப்பும் என்பது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை தாம்பரம் மார்க்கெட்டில், கத்தரிக்காய்க் கடை முன்னால் நின்று, என்ன வாங்க வேண்டும் என்று போனில் தேடிக்கொண்டிருந்தேன். ஓர் ஆட்டோ கிறீச்சிட்டு நின்றது. என் மனைவி விஜயா இறங்கி ஓடி வந்தாள். கல்யாணமானதிலிருந்து நான் பார்த்திராத கனிவு முகத்தில்.

"ஏங்க, பயப்படாதீங்க. நான் வந்துட்டேன்."

"எதுக்குப் பயப்படணும்?"

"என்னை யாருன்னு தெரியுதா?"

"என்ன விஜயா, விளையாடுறியா?"

"பேர் சொல்றாருடி!" என்று தன் போனில் கத்தினாள். ஸ்பீக்கரில் நித்யா விசும்பினாள். "உன் நம்பரைக் கேளும்மா."

என் கை தானாக என் போனைத் தடவியது. விஜயா அதைப் பிடுங்கிக்கொண்டாள். "பாக்காம சொல்லுங்க."

"ஒன்பது..." என்று கம்பீரமாக ஆரம்பித்தேன். அதோடு சரக்கு தீர்ந்துவிட்டது.

கத்தரிக்காய்க்காரம்மா தராசைக் கீழே வைத்தார். விஜயா என் சட்டைப்பையிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டாள். "இனிமே நீங்க வண்டி ஓட்ட வேண்டாம்."

அவளை ஏற்றி வந்த எங்கள் தெருமுனை ஸ்டாண்டு ஆட்டோக்காரர் மூர்த்தி எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, சாருக்கு எத்தினி நாளா இப்டி?" என்றார்.

சாவி போனால் மிச்ச வாழ்க்கை ஆட்டோவின் பின்சீட்டில்தான். அங்கேயே எல்லாவற்றையும் கக்கினேன். ஸ்பீக்கரில் விசும்பல் நின்றது.

"அப்பா, கார்டு மேல வரணும்னா மூலையில நட்சத்திரம் இருக்கு. அதைத் தொட்டா போதும்ப்பா."

"நட்சத்திரமா? எங்க?"

"மஞ்சளா, பெருசா இருக்கும்."

விஜயாவின் நம்பரைத் தலைகீழாக ஒப்பித்த பிறகுதான் சாவி திரும்பக் கிடைத்தது. மனப்பாடம் செய்ய அந்த ஆப்தான் உதவியது. (அதற்காகத்தான் அதைச் செய்திருக்கிறார்களாம்.)

ஆனால் மூர்த்தி விடுவதாயில்லை. போன வாரம் ஸ்கூட்டரில் எங்கள் வீடிருக்கும் இரும்புலியூருக்குத் திரும்பி வரும்போதுகூட, ஸ்டாண்டிலிருந்து எழுந்து, "சார், லெஃப்ட்டுல திரும்பு. வூடு அங்கதான் கீது" என்றார். கடுப்பில் விர்ரென்று முறுக்கினேன். திருப்பத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

பின்னால் அவர் பக்கத்து ஆட்டோக்காரரிடம் சொன்னது நன்றாகவே கேட்டது.

"பாத்தியா மச்சான்? இன்னும் சரியாவல."