இடது கார்னருக்கு ஆள் இல்லை

செஞ்சி,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தி பொன்னுசாமி அவர்களுக்கும், சம்பந்தி அம்மாள் ராஜம்மாள் அவர்களுக்கும் தனசேகரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் வசந்தாவும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே நீங்கள் இருவரும், மாப்பிள்ளையும், கலைவாணியும், பேரனும், கறவை மாடும் சௌக்கியமாக இருக்க அம்மன் அருள வேண்டும். மல்லாட்டை பிடுங்கிக் கடலையை உலர்த்தி முடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

செஞ்சிக்கும் உங்கள் அனந்தபுரத்துக்கும் பஸ் இருக்கும்போது, சட்டைப் பையில் போனும் இருக்கும்போது இந்த ஆள் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நீங்கள் நினைக்கலாம். போனில் பேசினால் நீங்கள் மழையைக் கேட்கிறீர்கள், நான் மழையைச் சொல்கிறேன், பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "சரி, வெச்சுடறேன்" என்று வைத்துவிடுகிறோம். நேரில் வரலாம் என்றால் உங்கள் தெருவில் என் பெயர் இப்போது எப்படி அடிபடுகிறது என்று எனக்கே தெரியும். ஆகவே கடிதம். விஷயம் எங்கள் கபடிக் குழுவின் தடுப்பு வரிசை பற்றியது. வேறு எதுவும் இல்லை.

வருகிற இருபதாம் தேதி பயிற்சி முகாம் ஆரம்பம். பத்து நாள் முகாம், அது முடிந்ததும் போட்டி. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்த காலத்திலிருந்து, ஓய்வு பெற்று வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிற இந்தக் காலம் வரை, இருபத்திரண்டு வருஷமாக நான் இந்தக் குழுவுக்குச் செயலாளர். இத்தனை வருஷத்தில் முகாமுக்கு முந்தைய வாரம் எனக்கு இப்படித் தூக்கம் கெட்டதில்லை. பாடிப் போகிறவனைப் பற்றிக் கவலை இல்லை. வெற்றிவேல் இருக்கிறான், நாலு பேரைத் தொட்டுவிட்டு நிதானமாகத் திரும்பி வருவான், ஊரே கைதட்டும். பிடிக்கிறவர்களுக்கு யாரும் கைதட்டுவதில்லை. அவர்கள் பிடியை விட்டால்தான் அவர்கள் பெயர் என்ன, யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிப்பார்கள். அந்த வரிசையில் ஏழு பேர். வலது பக்கமும் நடுவும் சேர்த்து ஐந்து பேர் பாறை மாதிரி நிற்கிறார்கள். இடது பக்கக் கோடியில் நிற்கிற கார்னரும், அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிற 'இன்' என்பவனும்தான் சந்தேகம். கார்னர் உங்கள் மகன் இளவழகன். இன், என் மகன் அன்புமணி.

இந்த இரண்டு பேரும் ஆறு வருஷம் கைகோர்த்து நின்றவர்கள். பாடி வருகிறவன் அவர்கள் பக்கம் காலை வைத்தால் ஒருவர் கணுக்காலுக்கு, ஒருவன் இடுப்புக்கு. அதற்கு மேல் அவன் மூச்சு இருக்காது. சம்பந்தி, உங்களிடம் இதுவரை சொல்லாததைச் சொல்கிறேன். அந்தப் பிடியைப் பார்த்துத்தான் கலைவாணியை உங்கள் வீட்டுக்குக் கொடுத்தேன். இப்படி ஒரு கையைப் பிடித்தால் விடாத பிள்ளை என் பெண்ணையும் விடமாட்டார் என்று மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்துகொண்டே முடிவு செய்துவிட்டேன். ஜாதகம் எல்லாம் அப்புறம்தான் பார்த்தது. வசந்தாவுக்கு இது இன்றைக்கு வரை தெரியாது, நீங்களும் சொல்ல வேண்டாம்.

நம் பேரனின் காதுகுத்துக்கு நாங்கள் வைத்த பேனரைப் பற்றி நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், இருந்தாலும் எழுதியாக வேண்டும். தாய்மாமன் என்பதால் அன்புமணி பெரிதாகச் செய்ய ஆசைப்பட்டான். மண்டபத்து வாசலில் பேனர் வைக்க வேண்டும், அதில் மாமன் படம் பெரிதாக இருக்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன். பையன் தனியாக நின்று எடுத்த நல்ல படம் ஒன்றுகூட இல்லை. கபடியில் மாப்பிள்ளையோடு கைகோர்த்து நிற்கிற படம் ஒன்று என் போனில் இருந்தது, முகம் கம்பீரமாக விழுந்திருந்தது, அதைப் பேனர் கடையில் கொடுத்து அன்புமணியை மட்டும் பெரிதாக்கச் சொன்னேன். அவர்கள் பெரிதாக்கினார்கள். குழந்தை ஒரு பக்கம் சிரிக்கிறது, மறுபக்கம் மாமன் நிற்கிறான், மாமன் கையைப் பிடித்தபடி பேனர் ஓரத்தில் முழங்கை வரைக்கும் ஒரு கை மட்டும் இருக்கிறது. அந்தக் கைதான் குழந்தையின் அப்பா.

மாப்பிள்ளை மண்டபத்துக்குள் வரும்போது பேனர் முன்னால் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். பிறகு என்னிடம் வந்து, "எம் புள்ள காதுகுத்துல நான் ஒரு கைதானா மாமா?" என்று கேட்டார். சத்தம் போட்டுக் கேட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். மெதுவாகக் கேட்டார். குழந்தையை மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தியதும், கலைவாணியையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். சாயங்காலம் அன்புமணி வைத்த வரிசைத் தட்டு அத்தனையும் ஒரு ஷேர் ஆட்டோவில் எங்கள் வாசலுக்குத் திரும்பி வந்தது. அன்புமணி தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். அன்றிலிருந்து நாலு மாதமாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை, கலைவாணிக்கும் எங்கள் வீட்டு வாசல் இல்லை.

நான் இதுவரை எல்லோரிடமும் பேனர் கடைக்காரர் மேல் பழி போட்டு வந்திருக்கிறேன். அது பொய். அச்சடிப்பதற்கு முன்னால் அவர் எனக்குப் படம் அனுப்பிச் சரி பார்க்கச் சொன்னார். பார்த்தேன். அன்புமணியின் மீசை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். அந்தக் கையையும் பார்த்தேன், யாரோ கை என்று நினைத்தேன். ஆறு வருஷம் பார்த்த கையை எனக்கு அடையாளம் தெரியவில்லை சம்பந்தி. இதைவிட வெட்கம் ஒரு மாமனாருக்கு இல்லை.

இருந்தும் மாப்பிள்ளை பெருந்தன்மையாக, "டீம் வேற, ஒறவு வேற" என்று சொல்லிப் பயிற்சிக்கு வந்துகொண்டுதான் இருந்தார். ஆனால் கையைக் கோர்க்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற இடம். எங்கள் வெற்றிவேலே அந்த வழியாக உள்ளே போய்க் கோட்டைத் தொட்டுவிட்டு, அதே வழியாக வெளியே வந்தான். பாடுகிறவன் பக்கத்தில் வரும்போது கார்னர் குரல் கொடுக்க வேண்டும், இன் பதில் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளையோ வலது பக்கம் நிற்கிற தங்கராஜைப் பார்த்து, "அண்ணே, அவர இடுப்பப் புடிக்கச் சொல்லுங்க" என்பார். தங்கராஜ் அதை அன்புமணியிடம் சொல்வார். "எனுக்குத் தெரியும்னு சொல்லுங்கண்ணே" என்பான் இவன். அதற்குள் பாடி வந்தவன் தன் பக்கம் போய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பான்.

நானும் சும்மா இருக்கவில்லை. கையைத் தொடுவதில்தானே சங்கடம் என்று என் துண்டைக் கொடுத்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். பிடித்தார்கள். பள்ளிக்கூடத்துப் பையன்களோடு ஒரு பழகு ஆட்டம் வைத்தோம். பாடி வந்த பையன் துண்டைத் தாண்டிக் குதித்து மூன்று பேரைத் தொட்டுவிட்டுப் போனான், துண்டும் இரண்டாகக் கிழிந்தது. பிறகு அன்புமணியை வலது பக்கம் மாற்றி, தங்கராஜை இடது பக்கம் நிறுத்தினேன். அவருக்கு உள்ளங்கை வியர்க்கும், மாப்பிள்ளையின் பிடி வழுக்கிக்கொண்டே இருந்தது. வலது பக்கம் போன அன்புமணி, பாடுகிறவனைப் பார்க்காமல் இடது பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அதை நான் மட்டும்தான் கவனித்தேன்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பேனரால் வந்ததைப் பேனராலேயே சரி செய்துவிடலாம் என்று, மாப்பிள்ளையை மட்டும் தலையிலிருந்து கால் வரை ஆளுயரத்துக்கு அச்சடித்து, உங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் நிறுத்தினேன். என்ன வாசகம் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. மன்னிப்பு என்று போட்டால் ஊர் சிரிக்கும். வாழ்த்து என்று போட எந்த விசேஷமும் இல்லை. ஆகவே படத்தையும் பெயரையும் மட்டும் போடச் சொன்னேன். எந்தக் காரணமும் இல்லாமல் ஒரு மனுஷன் படம் பெரிதாக, தனியாக, பூ வேலைப்பாட்டோடு பஸ் நிறுத்தத்தில் இருந்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்று நான் யோசிக்கவில்லை. அன்று காலையில் உங்கள் வீட்டுக்கு மாலையோடு வந்த மூன்று பேருக்கும் மாப்பிள்ளையே கதவைத் திறந்தார் என்றும், நீங்கள் அவர்களை உட்கார வைத்துக் காபி கொடுத்து அனுப்பினீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். அந்தக் காபிக்கு நான் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். கலைவாணி போன் செய்து, "நைனா, உங்கள யாரு கேட்டா இதெல்லாம்?" என்று ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள். பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. வைத்துவிட்டாள்.

அன்றோடு மாப்பிள்ளை பயிற்சிக்கு வருவது நின்றது. சரி, பாதியாவது மிஞ்சியது என்று பார்த்தால் அன்புமணி என் முன்னால் வந்து நின்றான். "நான் வெச்ச சீர திருப்பி அனுப்புனாரு. அவருக்கு இன்னாத்துக்கு பேனரு? நீங்களே கார்னர்ல நில்லுங்க நைனா" என்று சொல்லிவிட்டு அவனும் நின்றுவிட்டான். ஆக இன்றைய தேதியில் எங்கள் குழுவுக்கு இடது பக்கம் என்பதே கிடையாது.

போன வாரம் பேரனுக்குத் தடுப்பூசி போடக் கலைவாணி செஞ்சிக்கு வந்திருந்தாள். வீட்டுக்கு வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் வசந்தாவை வரச் சொல்லி, பெஞ்சில் உட்கார்ந்து இருபது நிமிஷம் பேசிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். "காது நல்லா ஆறிடுச்சி, ஓட்ட அழகா இருக்குது" என்று வசந்தா என்னிடம் வந்து சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனவள் கொஞ்ச நேரம் எந்தப் பாத்திரத்தையும் எடுக்கவில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் ஊருக்குள்ளேயே பஸ் ஸ்டாண்டில் வைத்துப் பெண்ணைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, உங்களுக்கும் ஒரு பெண் இருக்கிறாள். புருஷன் பக்கம் நின்றால் தம்பிக்கு வலிக்கும், தம்பி பக்கம் நின்றால் புருஷனுக்கு வலிக்கும் என்று அவள் எந்தப் பக்கமும் நிற்காமல் நடுவில் நிற்கிறாள். அவளைக் கையைப் பிடித்து அழைத்து வர எனக்குத் தைரியம் இல்லை.

ஆகையால், கபடிக் குழுவின் நலனை மட்டும் முன்னிட்டு உங்களை வேண்டுவது என்னவென்றால், முகாமின் முதல் நாள் சாப்பாடு வழக்கம்போல எங்கள் வீட்டில்தான். அன்றைக்கு நீங்களே மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு வர வேண்டும். குடும்பத்தோடு வர வேண்டும். நான் எல்லோர் முன்னிலையிலும் மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அதற்கு வயது ஒரு தடை இல்லை. அன்புமணியைப் பந்தியில் உட்கார வைப்பது என் பொறுப்பு. இரண்டு பேரும் பேச வேண்டாம், சிரிக்க வேண்டாம், இடது பக்கம் கையைக் கோர்த்தால் போதும். மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கங்கள், மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசிகள். பேரனின் இரண்டு காதுக்கும் தாத்தாவின் முத்தங்கள். உங்கள் வயலும் வீடும் நிறைந்திருக்க வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புள்ள,
தனசேகரன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டித் தபால் பெட்டி வரைக்கும் போய்விட்டேன். வல்லத்துக் கபடிக் குழுவின் விநாயகம் என்னைப் பார்த்து வண்டியை நிறுத்தி, "இன்னா தனசேகர், ஒன் புள்ளயும் மருமவனும் எங்க ஊரு டீமுக்கு வந்துட்டாங்க, நீ ஒன்னும் சொல்லலியா?" என்றார். கேட்டுக் கேட்டு விவரம் வாங்கினேன். மாப்பிள்ளை முகத்தில் விழிக்கக் கூடாது என்று அன்புமணி வல்லத்து முகாமில் போய்ச் சேர்ந்திருக்கிறான். அன்புமணி முகத்தில் விழிக்கக் கூடாது என்று மாப்பிள்ளையும் அதே முகாமில் போய்ச் சேர்ந்திருக்கிறார். அங்கே பயிற்சி கொடுப்பவர் வெளியூர்க்காரர், யார் யாருக்கு என்ன உறவு என்று தெரியாது, ஆளைப் பார்த்து இரண்டு பேரையும் இடது பக்கம் நிறுத்திவிட்டார். பேசாமல்தான் நின்றார்களாம். பாடி வந்தவன் காலை உள்ளே வைத்ததும் கை தானாகப் போய்க் கோர்த்துக்கொண்டதாம். அவனை அமுக்கிவிட்டு எழுந்தபோது, "மாமா, முட்டி பட்டுச்சா?" என்று அன்புமணி கேட்டிருக்கிறான். "இல்ல மச்சான்" என்றாராம் மாப்பிள்ளை. இதை விநாயகம் சொல்லி முடிப்பதற்குள் வசந்தாவிடமிருந்து போன். கலைவாணி வெள்ளிக்கிழமை பிள்ளையோடு வருகிறாளாம், கொண்டுவந்து விடுவது அவர்கள் இரண்டு பேரும்தானாம்.

எனவே மேலே வேண்டிய எதையும் தயவுசெய்து செய்ய வேண்டாம். மாப்பிள்ளையைச் செஞ்சிக் குழுவுக்கு அனுப்ப வேண்டாம், அவர் வல்லத்திலேயே இருக்கட்டும், நான் இப்படி ஒரு கடிதம் எழுதியதாகவும் காட்டிக்கொள்ள வேண்டாம். போட்டியில் எங்களுக்கு முதல் ஆட்டமே வல்லத்தோடுதான். அந்த இடது பக்கத்தை உடைக்க வெற்றிவேலைத் தயார் செய்ய வேண்டியவன் நான். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நாங்கள் தோற்க வேண்டும் என்று மனசு கேட்கிறது, இதை எங்கள் குழுவில் யாருக்கும் சொல்லிவிடாதீர்கள் சம்பந்தி.